18 வயதானால் மனநல டாக்டர் பெற்றோரிடம் பேச மாட்டாரா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயதிலிருந்து ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்). வரும் மாதம் 18 முடிகிறது. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். "கோர்ட்டில் கார்டியன் ஆர்டர் வாங்காவிட்டால் டாக்டர் உங்களிடம் பேசவே மாட்டார்" என்று ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
- திருவாரூர் வாசகி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தேவை ஒரு வெள்ளைத்தாள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, 18 வயதானவர் தன் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் டாக்டர் பேசக்கூடிய அவர் தரப்பு ஆள், யார் என்று வெறும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்குச் சம்மதம் என்று நீங்களும் டாக்டருக்கு எழுதித் தர வேண்டும். முத்திரைத்தாளோ நோட்டரியோ சட்டம் கேட்கவில்லை. அதை மகன் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், விளக்கிச் சொல்லி, அவரே எழுதட்டும்.

புரோக்கர்கள் குழப்புவது வேறொரு சட்டத்தை வைத்து. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், 18 தாண்டியவர்களுக்கும் மாவட்ட அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும். ஓசிடி, மனச்சிதைவு போன்ற மனநோய் மட்டும் இருந்தால் அந்தக் குழுவுக்கு உங்கள் மனுவை ஏற்கவே அதிகாரமில்லை. மனநோயோடு அறிவுசார் குறைபாடும் இருந்து, அதற்குச் சான்றிதழும் இருந்தால் அங்கே போகலாம். அந்த மனுவுக்கும் புரோக்கர் தேவையில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஃபைலைப் பற்றி. ஒரே வளாகத்தில் இருந்தாலும் பல இடங்களில் இரண்டு பிரிவுகளும் ஒரு கடிதம்கூட எழுதிக்கொள்வதில்லை. ஏழு வருஷச் சிகிச்சை புது ஓ.பி. சீட்டில் ஒரே வரியாகச் சுருங்கிவிடும். ஓசிடியில் ஒரு மாத்திரை பலன் தருகிறதா என்று தெரியவே முழு டோஸில் 8 முதல் 12 வாரம் ஆகும். ஏற்கெனவே பலன் தராத மாத்திரையைப் புது டாக்டர் தெரியாமல் திரும்ப ஆரம்பித்தால் இரண்டு, மூன்று மாதம் வீண். இதைத் தடுக்க ஒரு பக்கச் சுருக்கம் போதும், அதைக்கூட நாம் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கிறது! மகனின் பெயரில் எழுதிக் கேளுங்கள். அடிப்படை மருத்துவக் குறிப்புகளைப் பெறுவது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி அவர் உரிமை. நோய் தொடங்கிய வருஷம், கொடுத்த ஒவ்வொரு மாத்திரையின் அதிகபட்ச மில்லிகிராம், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினார்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

பழைய மாத்திரை அட்டைகளைக் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். வெட்டிக் கொடுத்த அட்டையில் பல நேரம் மில்லிகிராம் இருக்கும் ஓரம் போயிருக்கும்.

கையில் இரண்டு வார மாத்திரை இருக்கும்போதே பெரியவர்கள் பிரிவில் முதல் முறை காட்டிவிடுங்கள். ஃப்ளுவோக்ஸமைன், செர்ட்ராலின் போன்ற ஓசிடி மாத்திரைகள் திடீரென நின்றால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் பயந்துவிடுவார்கள். அந்தப் பயத்தை நம்பித்தான் "அட்மிஷன் வாங்கித் தருகிறேன்" என்று அடுத்த ஆள் வருவார்.