பாவாடை கட்டிய போட்டோ

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 24 வயது. தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று போன மாதம் சொன்னான். அவன் அப்பா பதினைந்து வருஷம் குவைத்தில் இருந்தார். நான்தான் தனியாக வளர்த்தேன். கவுன்சிலரிடம் கூட்டிப்போனேன். ‘அம்மா ரொம்ப ஒட்டி வளர்த்தால் இப்படித்தான் ஆகும், பத்து சிட்டிங்கில் மாற்றிவிடலாம்’ என்கிறார். இது ஜீனா, வளர்ப்பா? அறிவியல் என்ன சொல்கிறது?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள அம்மா,

முதலில் அந்த சிட்டிங்கை நிறுத்துங்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ‘மாற்றும்’ வேலைக்குத் தடை சொன்னது. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம், ஒரு மருத்துவர் இதைச் செய்தால் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பையன் உங்களை நம்பிச் சொன்னான். நீங்கள் அவனை ஃபீஸ் கட்டி ஒருவர் முன்னால் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவன் கூட வந்ததே பெரிய விஷயம்.

ஜீன் பற்றிச் சுருக்கமாக. 2019இல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேரின் மரபணுத் தகவலை அலசினார்கள். இதற்கென்று தனியாக ஒரு ஜீன் அகப்படவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சமாகப் பங்களிக்கும் ஜீன்கள் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒருவர் யாரை விரும்புவார் என்று சொல்ல முடியாது. அண்ணன்மார் அதிகம் உள்ள ஆண்களிடம் இது சற்றுக் கூடுதல் என்பதால், கருவிலேயே ஏதோ நடக்கிறது என்ற ஊகமும் உண்டு. உங்கள் மகன் எத்தனையாவது பிள்ளை என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவும் வேண்டாம்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ‘ஒட்டி வளர்த்தால்’தான்.

என் அத்தை மகனும் நானும் ஒரே வயது. அவனும் உங்கள் மகனைப் போலத்தான். கல்யாணம் வேண்டாம் என்று அவன் நின்றபோது வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அத்தை சொன்ன காரணம் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு போட்டோ. முதல் மொட்டைக்கு முன்னால் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டி ஸ்டூடியோவில் எடுத்தது. “பொம்பளப் பிள்ள மாதிரி நான்தானே ஜோடிச்சேன், என் கைதான்” என்று சாகும்வரை சொன்னாள். போட்டோவைக் கழற்றி பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

உங்கள் கவுன்சிலர் சொல்வதும் இதுதான், அத்தை இலவசமாகச் சொன்னாள். 1962இல் நியூயார்க்கில் பீபர் என்ற மனநல மருத்துவரும் சகாக்களும் ஒரு புத்தகம் போட்டார்கள். ஒட்டிக்கொள்ளும் அம்மா, விலகிப்போன அப்பா, அதனால் மகன் இப்படி என்று. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் 106 பேர், ஒப்பிட மற்றவர்கள் 100 பேர். இரண்டு தரப்பும் மனப்பகுப்பு சிகிச்சையில் இருந்தவர்கள். ஆஸ்பத்திரி வார்டுக்குள் நின்றுகொண்டு ஊரில் எல்லாருக்கும் காய்ச்சல் என்பது போல! சரி, பிள்ளையிடம் ஏதோ வித்தியாசம் கண்டு அப்பா விலகியிருந்தால், அம்மா அவனை இழுத்து அணைத்துக்கொள்ள மாட்டாளா? எது முன்னால், எது பின்னால்?

இத்தனைக்கும் ஈவ்லின் ஹூக்கர் 1957லேயே வேறு மாதிரி செய்து காட்டிவிட்டார். சிகிச்சையில் இல்லாத ஆண்கள், இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30. மைக்கறைப் படத்தைக் காட்டி ‘என்ன தெரிகிறது’ என்று கேட்கும் சோதனையும், அது போல இன்னும் இரண்டும். பெயரை நீக்கிவிட்டு முடிவுகளை மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களில் குளோப்ஃபர் அந்த மைக்கறைச் சோதனையில் பெரிய கை. மைக்கறைச் சோதனையை வைத்து எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னால், காசைச் சுண்டிச் சொல்வதைவிட மேலாகச் சொல்ல முடியவில்லை. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்ததற்கு இது போன்ற ஆய்வுகளும் காரணம்.

உங்கள் தெருவையே பாருங்களேன். வளைகுடாவுக்குப் புருஷனை அனுப்பிவிட்டுத் தனியாகப் பிள்ளை வளர்த்தவர்கள் நீங்கள் ஒருத்திதானா? அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து பேரன் பேத்தி கொடுத்திருக்கிறார்கள்? அவர்களுடைய அம்மாக்கள் ஒட்டவில்லையா? அங்கே போய் யாராவது காரணம் கேட்டார்களா?

அத்தை போன பிறகு பீரோவைக் காலி செய்தபோது போட்டோ கிடைத்தது. ஓரம் செல்லரித்திருந்தது. கனகாம்பரத்துக்கு ஸ்டூடியோக்காரர் கையால் சிவப்பு பூசியிருந்தார். அத்தை மகன் அதைப் பார்த்துச் சிரித்தான். “இது உன் பாவாடைடா” என்றான். ஆமாம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் எடுத்தது, இருந்தது ஒரே பாவாடை. முதலில் எனக்குக் கட்டி, அவிழ்த்து அவனுக்குக் கட்டினார்களாம். என்னுடையது இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் தொங்குகிறது. என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள்.