மட்டம் ஆடினால் ஆடட்டும்

அன்புள்ள ஐயா,

பியகமவில் துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையொன்றின் கழிவுநீர்ப் பிரிவில் வேலை செய்கிறேன். சாய இயந்திரங்களைத் திறந்துவிடும்போதெல்லாம் 60 கன மீற்றர் சேமிப்புத் தொட்டிக்குள் தண்ணீர் பாய்ந்து வருகிறது. வெளியேற்றம் மணித்தியாலத்துக்கு 40 கன மீற்றர் வரை போகும். மட்டத்தைப் பார்த்து வெளியேற்ற வால்வை அசைக்கும் பிஐ கன்ட்ரோலரில் கெயின் (மட்டம் விலகினால் எவ்வளவு பலமாகத் திருத்துவது) 2, இன்டெக்ரல் நேரம் (நீடிக்கும் விலகலைச் சேர்த்துச் சேர்த்துத் திருத்தும் நேரம், கூட்டினால் மெதுவாகும்) 10 நிமிடம். மட்டமும் வெளியேற்றமும் ஓயாமல் ஏறி இறங்கின. கெயினை 0.5 ஆக்கினேன், ஆட்டம் இன்னும் கூடிவிட்டது. முகாமையாளரோ மட்டம் 50 சதவீதத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்கிறார்.

ச., வத்தளை

அன்புள்ள ச.,

முகாமையாளர் கேட்பதைக் கொடுத்தால் தொட்டி கட்டிய காசு வீண். மட்டம் அசையவில்லையென்றால் வருகிற வெள்ளம் அப்படியே வெளியே போகிறது என்று அர்த்தம். அடி வாங்குவது பின்னாலுள்ள, நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று சுத்தமாக்கும் தொட்டிதான். கொதிகலனில் நீரும் நீராவியும் பிரியும் டிரம் என்றால் கதை வேறு, அங்கே மட்டத்தை இறுக்கிப் பிடித்தே ஆகவேண்டும்.

இனி உங்கள் புதிர். வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொட்டி தானாகவே சேர்த்துக்கொண்டு போகிறது. அதற்குமேல் கன்ட்ரோலரின் இன்டெக்ரலும் சேர்க்கிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று துரத்தாமல் அடக்குவது கெயின் ஒன்றுதான், அதையும் குறைத்துவிட்டீர்கள்! 60ஐ 40ஆல் வகுத்தால் 1.5 மணித்தியாலம், அதாவது வரவு இல்லாமல் முழு வெளியேற்றத்தில் நிறைந்த தொட்டி காலியாகும் நேரம். ஆட்டமே வராதிருக்க, கெயினை இன்டெக்ரல் நேரத்தால் பெருக்கினால் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 6 மணித்தியாலமாவது வரவேண்டும். உங்களுடையது முதலில் 20 நிமிடம், இப்போது 5.

நான் என்றால் இன்டெக்ரலையே எடுத்துவிடுவேன். கெயின் 1, மட்டம் 50இல் இருக்கும்போது வெளியேற்றமும் 50 சதவீதம். தொட்டி காலியானால் ஓட்டம் பூச்சியம், நிரம்பினால் முழு 40. வரவு 40ஐத் தாண்டாதவரை தொட்டி வழியாது. இரண்டு மூன்று இயந்திரங்களை ஒன்றாகத் திறந்தால் தாண்டும், அதைச் சாயப் பகுதிக்காரரோடு பேசித்தான் தீர்க்கவேண்டும். பம்ப் வறண்டு ஓடாமலிருக்கத் தாழ்மட்ட நிறுத்தம் தனியாக இருக்கட்டும். முகாமையாளர் 50ஐ விடமாட்டேன் என்றால், சரி, கெயின் 1க்கு இன்டெக்ரல் 6 மணித்தியாலம் கொடுங்கள். மெதுவாகத் திரும்பி வரும்.

அப்புறம், மட்டக் கன்ட்ரோலர் நேராக வால்வை அசைக்க விடாதீர்கள். இடையில் ஓட்டத்துக்கு ஒரு கன்ட்ரோலர் வையுங்கள். எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்று மட்டக் கன்ட்ரோலர் சொல்லட்டும், வால்வை ஓட்டக் கன்ட்ரோலர் அசைக்கட்டும். வால்வு கொஞ்சம் ஒட்டிப் பிடித்தாலும் பெரும்பாலும் அது பார்த்துக்கொள்ளும்.