தேசிக்காய் வாசம் அரை மணித்தியாலத்தில் போய்விடுகிறது: பதில்

நீங்கள் கலந்த வாசனை எண்ணெயில் தேசிக்காய் வாசம் ஏன் நிற்குதில்லை என்று கேட்டிருக்கிறீங்கள். அதில் அடிவாசம், அதாவது கடைசிவரை நிற்கிற கனத்த வாசம், இல்லாததுதான் குறை. வெட்டிவேர் எண்ணெய் சேருங்கோ. 15 துளி தேசிக்காய், 5 துளி லவண்டர் என்று எழுதியிருக்கிறீங்கள். தேசிக்காய் மேல்வாசம், முதலில் மணந்து கெதியாய்ப் பறந்துவிடும். யாழ்ப்பாண வெயிலுக்கு அது அரை மணித்தியாலம் நின்றதே பெரிசு.

அதே 20 துளியைத் தேசிக்காய் 6, லவண்டர் 12, வெட்டிவேர் 2 என்று பிரியுங்கோ. வெட்டிவேர் எண்ணெய் பாணி மாதிரித் தடிப்பு, மெதுவாகத்தான் இறங்கும்; அவசரப்பட்டுக் கூட விட்டால் மண்வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

கடதாசித் துண்டில் ஒரு துளி விட்டு, 10 நிமிடத்திலும் 1 மணித்தியாலத்திலும் 4 மணித்தியாலத்திலும் மணந்து பாருங்கோ. கடைசியில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் வெட்டிவேர் இன்னும் 1 துளி. நான் ஒரு கிழமை இருட்டில் மூடி வைத்த பிறகுதான் முடிவெடுப்பேன்.

தோலைப் பிழிந்தெடுத்த தேசிக்காய் எண்ணெய் என்றால் பூசிக்கொண்டு வெயிலில் போகவே வேண்டாம், உடம்புத் தோல் வெந்து கறுக்கும். ஆவியில் வடித்ததற்கு அந்தப் பயம் இல்லை. போத்தலில் என்ன எழுதியிருக்கு?