ராலி ஓடிவிட்டு, அப்புறம் வர்ணனையாளராக ஒரு பெண் வாழ முடியுமா?

கேட்டவர் குடியாத்தத்துப் பெண். கல்லூரி முடிக்கப் போகிறார். கார் பந்தயம் என்றால் உயிர், ஆனால் வீட்டில் கார் கிடையாது, ஓட்டவும் சரியாக வராது, பேச்சு மட்டும் நன்றாக வரும், எனக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். நானும் வேலூர்க்காரிதான். பதினோரு வருடம் ராலியில் நேவிகேட்டராக, அதாவது ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருந்து வழி சொல்பவராக உட்கார்ந்தேன். இப்போது ராலிக்கும் கார் பந்தயத்துக்கும் தமிழில் வர்ணனை செய்கிறேன்.

வழி உண்டு. ஓட்டுநர் சீட்டில்தான் தொடங்க வேண்டும் என்று இல்லை. நான் பக்கத்து சீட்டில்தான் தொடங்கினேன்.

எங்கள் நைனா லாரி ஓட்டினார். ஆந்திராவின் வி.கோட்டாவில் தக்காளி ஏற்றிக்கொண்டு, பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்கி, பேரணாம்பட்டு, குடியாத்தம் வழியாக விடிவதற்குள் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் கிளீனர் வராத நாட்களில் என்னை ஏற்றிக்கொள்வார். அந்த மலைப்பாதையில் பனி இறங்கினால் பத்தடிக்கு மேல் தெரியாது. தலையை வெளியே நீட்டி, "லைட்டு வருது நைனா", "ஓரம் இருக்குது, வா வா வா, ஹோல்டேன்" என்று சொல்லிக்கொண்டே வருவேன். ஒரு நாள் கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டேன். நைனா திட்டவில்லை. "பாத்ததும் சொல்லாத, பாக்கறதுக்கு முன்னாடி சொல்லு" என்றார். பத்து வயதில் எனக்கு அது புரியவே இல்லை.

புரிந்தது பதினைந்து வருடம் கழித்து. சென்னையில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த தோழி பெண்களுக்கான கார் ராலி ஒன்றுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் தேடினாள். அது டி.எஸ்.டி. ராலி, அதாவது நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்குப் போட்டு ஓடுவது. வேகமாகப் போகிறவர் ஜெயிக்கிற பந்தயம் இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரி என்று கொடுத்தால், 7.4 கிலோமீட்டரில் நீங்கள் சரியாக 14 நிமிடம் 48 விநாடியில் இருக்க வேண்டும். நேரம் பார்க்கிற மார்ஷல் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பார் என்று தெரியாது. பிந்தினாலும் தண்டனை, முந்தினாலும் தண்டனை. ரூட் புக்கில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும். உருண்டை நாம் வரும் இடம், அம்பு நாம் போகும் இடம். அன்றைக்கு நாங்கள் ஜெயிக்கவில்லை. ஆனால் கால்குலேட்டரும் பென்சிலும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு காரையே நான் நடத்திக்கொண்டு போகிறேன் என்ற உணர்வு வந்தது பாருங்கள், அதற்குப் பிறகு நான் விடவே இல்லை.

சொந்தக் கார் இல்லாத பெண்ணுக்கு இதுதான் சரியான வாசல். எந்த மாற்றமும் செய்யாத சாதாரணக் காரிலேயே டி.எஸ்.டி. ஓடலாம்.

அடுத்த கட்டம் ஸ்பெஷல் ஸ்டேஜ் ராலி. அதுதான் டிவியில் பார்க்கிற ராலி. சாலையை அடைத்துவிட்டு, ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். போட்டி கடிகாரத்தோடுதான். முன்கூட்டியே அந்தப் பாதையில் மெதுவாகப் போய் வளைவுக்கு வளைவு குறிப்பு எழுத வேண்டும், அதுதான் பேஸ் நோட்ஸ். எங்கள் கணக்கில் ஒன்று என்றால் மிகக் குறுகிய வளைவு, ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர். நடுவில் தூரம் மீட்டரில். ஓடும்போது வளைவு வருவதற்கு முன்னாலேயே அதைப் படித்துச் சொல்ல வேண்டும். நைனா சொன்னது அதுதான்.

நாங்கள் தமிழில்தான் எழுதினோம். ஆனால் வலது, இடது இரண்டும் ஹெல்மெட்டுக்குள் மைக்கில் கேட்கும்போது ஒரே மாதிரி 'து' என்று முடிகின்றன. இரைச்சலில் முதல் எழுத்து அடிபட்டால் தீர்ந்தது. அதனால் அது மட்டும் லெஃப்ட், ரைட். "ரைட் மூணு, நாப்பது, மேட்டுக்கு மேல லெஃப்ட் அஞ்சு, உள்ள வெட்டாத" என்று போகும். இதில் இன்னொரு சிக்கலும் வந்தது. நம் ஊர் பஸ்ஸில் ரைட் என்றால் 'போலாம்' என்று அர்த்தம். பேச்சுவாக்கில் "ரைட், அடுத்து" என்று நான் சொல்ல, தோழியின் கை ஸ்டியரிங்கில் வலப்பக்கம் துடித்தது. அன்றிலிருந்து காருக்குள் 'ரைட்' என்று நான் வேறு எதற்கும் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் 'சரி'தான்.

நான் செய்த பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். அக்னி நட்சத்திர வெயில், செம்மண் பாதை, கண்ணாடியைத் தாண்டிப் புழுதி. வியர்வையில் நோட்டின் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டுவிட்டது. நான் "லெஃப்ட் அஞ்சு" என்றேன். பாதை ரைட் இரண்டு. தோழி என்னை நம்பி அழுத்தியே போனாள். கார் நேராக வேலிக்காத்தான் புதருக்குள் போய் நின்றது. முள் ஜன்னல் வழியாக என் மடி வரைக்கும் வந்தது. இருவருக்கும் அடி இல்லை. பின்னால் வருகிற காருக்கு ஓகே பலகையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நான் அழுதேன். தோழி முக்கோணத்தை வைத்துவிட்டு வந்து, "எத்தனாவது பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவே நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கீழ் முனையையும் படிக்கட்டு மாதிரி கத்தரித்தேன், விரலுக்கு ஒவ்வொன்றாகச் சிக்கும்படி. இன்றைக்கும் வர்ணனைக்குக் கொண்டுபோகிற தாள்களை அப்படித்தான் கத்தரிக்கிறேன்.

அந்த நாட்களில் நான் தேடித் தேடிப் படித்தது ராலி ஓட்டுநர் மிஷேல் மூட்டோன் பற்றி. பிரான்ஸில் கிராஸ் என்ற ஊர், ரோஜாவும் மல்லிகையும் பயிரிட்ட குடும்பம். அவரும் முதலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்தான். ஓட்டுவதானால் ஓட்டு, கார் வாங்கித் தருகிறேன், ஒரு வருடத்தில் நிரூபி என்று அவர் அப்பா சொன்னார். 1981ல் இத்தாலியின் சான்ரேமோ ராலியில் ஆடி குவாட்ரோ காரில் ஜெயித்து, உலக ராலிப் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண் ஓட்டுநர் ஆனார். 1982ல் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் மூன்றும் அவருக்கே. உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் நேரத்தில் அப்பா இறந்த செய்தி வந்தது. அப்பாவின் விருப்பம் என்று அம்மா சொல்ல, ஓடினார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்துவிட்டு, கியர்பாக்ஸ் தகராறில் அத்தனையும் போயிற்று. பட்டம் ஜெர்மனியின் வால்டர் ரோலுக்குப் போனது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் நைனா அப்போது நோயில் படுத்திருந்தார்.

மூட்டோனுக்குக் குறிப்பு சொன்ன ஃபாப்ரிட்ஸியா போன்ஸ் பெயரை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அவர்தான் குரு. அத்தனை வெற்றிக்குப் பிறகு 1997ல் ஓட்டுநர் பியரோ லியாட்டியோடு உட்கார்ந்து மான்டி கார்லோ ராலியையும் ஜெயித்தார். சான்ரேமோவுக்கும் இதற்கும் நடுவில் பதினாறு வருடம்! நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019ல் பஜா எனப்படும் கரடுமுரடுப் பாதை பைக் பந்தயங்களுக்கான உலகக் கோப்பையில் பெண்கள் பட்டம் வாங்கினார். சென்னையில் அலிஷா அப்துல்லா பைக், கார் இரண்டிலும் ஓடினார்.

இனி வர்ணனை. அது நான் தேடிப் போனது இல்லை. ஒரு ராலியில் எங்கள் கார் டிரைவ் ஷாஃப்ட் உடைந்து முதல் நாளே நின்றுவிட்டது. பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்து, வளைவின் வெளிப்பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கரில் ஆங்கிலத்தில் அறிவிப்பு போய்க்கொண்டே இருந்தது, ஒருவரும் நகரவில்லை. மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். "பெரியவரே, ஆட்டை ஓட்டிக்கினு மேட்டுப் பக்கம் வாங்க. கார் சறுக்கினா வெளியதான் தள்ளும், உள்ள வராது. நீங்க உக்காந்திருக்கிறது அது வந்து விழுற இடம்" என்றேன். பெரியவர் எழுந்தார். அவர் பின்னால் மொத்தக் கூட்டமும் எழுந்தது. அன்று சாயங்காலம் வரை மைக்கைக் கீழே வைக்கவில்லை.

அப்புறம் இணைய ஒளிபரப்பு, அதன் பிறகு சேனலுக்கு வெளிநாட்டுப் பந்தயங்களின் தமிழ் வர்ணனை. ராலியைச் சொல்வது கிரிக்கெட் சொல்வது போல் இல்லை. திரையில் ஒரே ஒரு கார்தான் இருக்கும். அது முந்துகிறதா பிந்துகிறதா என்று பார்க்கிறவருக்குக் கண்ணால் தெரியாது. 20 கிலோமீட்டர் ஸ்டேஜில் கிலோமீட்டருக்கு அரை விநாடி விட்டால் முடிவில் 10 விநாடி போச்சு என்று நாம்தான் சொல்ல வேண்டும். காய்ந்த ஜல்லிப் பாதையில் முதலில் போகிறவர் பின்னால் வருகிறவர்களுக்குத் துடைப்பம் மாதிரி பாதையைப் பெருக்கிக் கொடுக்கிறார், அதனால்தான் பட்டப் போட்டியில் முன்னணியில் இருந்தும், முதலில் போவதால் அவருக்கு நேரம் வரவில்லை என்று சொன்னால்தான் அவருடைய கஷ்டம் புரியும். வளைவில் கார் பிடித்துப் போகிற வழியை 'லைன்' என்பார்கள், அதற்கு நான் தடம் என்கிறேன். ஹேர்பினுக்குக் கொண்டை ஊசி இருக்கவே இருக்கிறது, ஏலகிரி போகிற சாலையில் பதினாலு இருக்கின்றன. உலக ராலி வானொலியில் பேசிய பெக்ஸ் வில்லியம்ஸை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். படமே இல்லாமல் பாதையைக் கண்ணில் காட்டுகிற வித்தை அவரிடம் இருக்கிறது.

பணத்தைப் பற்றி மறைக்கக் கூடாது. நேவிகேட்டராக நான் சம்பாதித்ததைவிடச் செலவழித்தது அதிகம். ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, லைசென்ஸ், பயணம் எல்லாமே கைக்காசு. வர்ணனையில் பணம் வரும், ஆனால் மாதச் சம்பளம் மாதிரி வராது. சம்பளத்துக்குப் பார்க்கிற கணக்கு வேலையை நான் இன்றும் விடவில்லை. "பொண்ணு வாய்ஸுக்கு வேகம் வராது" என்று ஸ்டுடியோவில் முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருக்கிறார்கள். அதைக் கேட்டுக் கோபம் வந்தது, இன்றும் வருகிறது. ஆனால் அடுத்த வாரமும் போய் மைக் முன்னால் உட்கார்ந்தேன்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரையாவது பைக் ஓட்டச் சொல்லி, குடியாத்தத்திலிருந்து மோர்தானா அணை வரை பின்னால் உட்கார்ந்து போங்கள். சாதாரண வேகம் போதும், ஹெல்மெட் கட்டாயம். மனதில் பட்ட வளைவுகளையெல்லாம் நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள்: எந்தப் பக்கம், ஒன்று முதல் ஆறில் எது, அடுத்ததற்கு எத்தனை மீட்டர். திரும்பி வரும் பாதைக்குத் தனியாக எழுத வேண்டும், வளைவெல்லாம் தலைகீழாக மாறிவிடும். வீட்டுக்கு வந்து அதை வாய்விட்டுப் படித்து போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த ஞாயிறு அதைக் காதில் போட்டுக்கொண்டு அதே பாதையில் பின்னால் உட்கார்ந்து போய், உங்கள் குரல் வளைவுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்று பாருங்கள். எப்படி இருந்தது என்று இங்கேயே வந்து எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.