பொருள் குறித்த வேத வசனங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா?

கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும் என்கிற நீதிமொழிகளும் (10:22), உண்டானவற்றையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்கிற லூக்காவும் (18:22) ஒரே வேதாகமத்தில் எப்படி இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வசனத்தைப் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். தனக்கு உண்டான எல்லாவற்றையும் வெறுத்துவிடாதவன் சீஷனாயிருக்க மாட்டான் என்கிற லூக்கா 14:33 வந்த அட்டையை இதுவரை பார்த்ததில்லை.

இழுபறி இரண்டு நூல்களுக்கு இடையில் மட்டுமன்று, லூக்காவுக்குள்ளேயே இருக்கிறது. 18ஆம் அதிகாரத்தில் நித்திய ஜீவனை அடைய வழி கேட்டு வந்த ஐசுவரியவானான ஒரு தலைவன், எல்லாவற்றையும் விற்க இயேசு சொன்னதும் துக்கமடைகிறான்; அடுத்த அதிகாரத்திலேயே எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவனும் ஐசுவரியவானுமான சகேயு, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிச் செலுத்துவதாகவும் சொல்ல, இயேசு மீதிப் பாதியைக் கேட்காமலே, அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் இத்தனை அருகில் வைத்த எழுத்தாளருக்கு அந்த வேறுபாடு கண்ணில் படவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

பாதி என்பதைச் சலுகையாகவும் எண்ணிவிடக் கூடாது. தானாக அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5:7. சகேயுவோ ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22:1 விதித்த நாலத்தனையைத் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறான். அவன் சொத்தில் எட்டில் ஒரு பங்கு அநியாயமாய் வந்திருந்தாலே மீதிப் பாதி முழுவதும் அதற்குப் போய்விடும். இருவர் விஷயத்திலும் தொகை வேறு. பணம் யார் கைக்குப் போகவேண்டும் என்பதில் வேறுபாடு மிகக் குறைவு.

உபாகமம் 15 இதைவிட வெளிப்படையானது. உங்களுக்குள் எளியவன் இருக்கக் கூடாது என்று 4ஆம் வசனமும், தேசத்தில் எளியவர்கள் இல்லாமற்போவதில்லை என்று 11ஆம் வசனமும் சொல்கின்றன. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடனை விடுதலை செய்யும் சட்டத்தின் நடுவே இவை நிற்கின்றன என்பதைக் கவனித்தால், முன்னது கட்டளையை முழுவதும் கைக்கொண்டால் வரும் நிலை என்பதும், பின்னது கைக்கொள்ளாத மனிதரை அறிந்து சொன்னது என்பதும் விளங்கும். ஏழைகள் எப்போதும் இருப்பார்கள் என்பதைக் கையை மூடிக்கொள்ளச் சாக்காக்குகிறவர்கள், கையைத் தாராளமாய்த் திற என்று அதே வசனம் முடிவதை வாசிப்பதில்லை.

அந்தத் தலைவன் துக்கமடைந்தபின், ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்றார் இயேசு. அந்த ஊசியின் காது எருசலேமில் இருந்த ஒரு சிறிய வாசல், ஒட்டகம் மண்டியிட்டால் நுழைந்துவிடும் என்று சில பிரசங்கங்களில் சொல்வதுண்டு. இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை; இருந்திருந்தால், அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று சீஷர்கள் திகைத்திருக்க வேண்டியதுமில்லை.

எல்லாவற்றையும் இப்படி இணக்கிவிட முடியும் என்றும் நான் சொல்லவில்லை. இயேசு தம் பன்னிரண்டு சீஷரை ஊழியத்துக்கு அனுப்பும்போது ஒரு தடியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது மாற்கு 6:8. தடியும் வேண்டாம் என்கிறது லூக்கா 9:3. ஒன்று ஊன்றுகோல், மற்றது தற்காப்புத் தடி என்று விளக்கம் சொல்வார்கள். மூலத்தில் இரண்டு இடங்களிலும் ஒரே கிரேக்கச் சொல்தான் இருக்கிறது.