கோயிலுக்குப் போகும் தோட்டச் சாலை யாருடையது?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா வாசகரின் கேள்வி: பெரிய சாலையிலிருந்து எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் வரை 2 கிலோமீட்டர் சாலை. அறுபது வருஷமாகப் புழங்குகிறோம். தோட்டம் கைமாறியதும் இரும்புக் கதவு போட்டுவிட்டார்கள். இது பொதுச் சாலையா? இதன் பழைய வரலாற்றை எங்கே தேடுவது?

பதில்: அறுபது வருஷம் நடந்ததால் மட்டும் உரிமை வந்துவிடாது. தேசிய நிலச் சட்டம் 1965, நீண்ட காலப் புழக்கத்தால் வழி உரிமை பிறப்பதை ஏற்பதில்லை. உள்ளாட்சி மன்றத்தார் ஒருமுறை தார் போட்டார்கள் என்பதும் சாட்சியாகாது. தாளில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் கைப்பேசியில் ஜிபிஎஸ்ஸைப் போட்டுக்கொண்டு சாலையை முழுக்க நடந்து பதிவு செய்யுங்கள். கதவு, பாலம், ஒவ்வொரு வளைவு, கண்ணில் படும் எல்லைக் கல் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு கோல சிலாங்கூர் நில அலுவலகத்தில் இருபுறத்து லாட் (பதிவான நிலத் துண்டு) எண்களுக்கும் 'சாரியான்' (நிலப் பதிவேட்டுத் தேடல்) எடுங்கள். உரிமையாளர், பரப்பளவு, நிபந்தனைகள் அதில் தெரியும். ஜுபெம்மில் (நில அளவை, வரைபடத் துறை) அதே லாட்டுகளுக்கான 'பெலான் அக்குயி' (சான்றளித்த நில அளவைப் பிளான்) வாங்கி, உங்கள் நடைப்பதிவை அதன்மேல் வையுங்கள்.

பெரும்பாலான சிக்கல் இங்கேதான் வெளிப்படும். பிளானில் 'ரிசாப் ஜாலான்' (சாலைக்கென்று ஒதுக்கிய அரசு நிலம்) நேராக ஓடும். நீங்கள் நடக்கும் சாலையோ சதுப்பையோ கால்வாயையோ சுற்றிக்கொண்டு தனியார் லாட்டுக்குள் புகுந்து மறுபடி ரிசாப்புக்கு வரும். அந்தத் துண்டில் கதவு நின்றால் உங்கள் வாதம் பலவீனம். ரிசாப்புக்குள் நின்றால் புகார் நேராக நில அலுவலகத்துக்கு. பழைய பிளான்களில் அளவு சங்கிலிக் கணக்கில் இருக்கும்: 1 சங்கிலி 66 அடி, அதாவது 20.12 மீட்டர். ரிசாப் அகலம் 66 அடி இருக்க, தார் 12 அடிதான் இருக்கிறதே என்று குழம்பவேண்டாம், அது சாதாரணம்.

ரிசாப்பே இல்லையா? 1950, 60களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது (தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-இல் பிறந்ததே அதனால்தான்) உள்சாலைகள் லாட்டுகளுக்குள்ளேயே போயின. அப்படியானால் சட்டத்தின் 390-ஆம் பிரிவின்கீழ் பொது வழி உரிமை கேட்டு நில நிர்வாகியிடம் எழுதலாம். பிளானை இணைக்காத மனு பெரும்பாலும் அலமாரியில்தான் தூங்கும்.

வரலாற்றுக்குப் பழைய நிலவரைபடங்கள். 2007-க்கு முந்தையவற்றில் ஊரின் பழைய பெயரான 'பத்தாங் பெர்ஜுந்தை' என்றே தேடுங்கள். முகவரி 'ஐந்தாங்கட்டை' என்றிருந்தால் மைல் கணக்கு, சுமார் 8 கிலோமீட்டர். தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகளையும் பாருங்கள்.

தட்டை நிலத்தில் கால்வாய் வெட்டிய மண்ணை ஓரத்தில் குவித்து அதன்மேலேயே சாலை போடுவது வழக்கம். செங்கோண வளைவுகள் அப்படி வந்தவை. காரணமில்லாமல் சாலை விலகினால் பக்கத்தில் ஈயக்குட்டை (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டை) இருக்கிறதா என்று பாருங்கள். ஈயக் கப்பல் (மிதந்தபடியே ஈய மண்ணை அள்ளும் இயந்திரம்) ஓடிய வட்டாரம் இது; பழைய தடம் குட்டைக்குள் போயிருக்கலாம்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் கிட்டத்தட்ட 32 மீட்டர். சாலை இருந்ததற்கு அது ஆதாரம். எல்லை எங்கே என்பதற்குப் பெலான் அக்குயிதான்.