அயர்லாந்தில் பிறக்கும் பெண்ணுக்கு ‘ஃபீயா’ என்று பெயர் வைக்கலாமா?

தம்பி, டப்ளினுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மனைவி நர்ஸ், பிறக்கப்போவது பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். வார்டில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு எஃப்-ஐ-ஏ-டி-எச் (Fiadh) என்று எழுதிவிட்டு ‘ஃபீயா’ என்று கூப்பிடுகிறார்களே, அது பழங்காலத்து ஐரிஷ் பெயரா, அர்த்தம் என்ன, நம் பிள்ளைக்கு வைத்தால் பின்னால் தொல்லை வருமா என்பது கேள்வி.

அழகான பெயர்தான், ஆனால் நமக்கு ஒத்துவராது. அதற்கான காரணம் ஐரிஷில் இல்லை, தமிழில் இருக்கிறது. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு ‘ஃப’ வரும். ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்கு வருமா? காப்பியை ‘காஃபி’ என்று சொல்லாத வாய்க்கு ‘ஃபீயா’ நேராகப் ‘பீயா’ ஆகிவிடும். வீடியோ காலில் தினமும் “பீயா, சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்டால் என்ன ஆகும்? ஊருக்குப் போகும்போது ஐந்து வயது சித்தப்பா பையன் அதைப் பிடித்துக்கொண்டால் விடவே மாட்டான். பெயர்ப் பட்டியல் போடும் எந்த இணையதளமும் இதைச் சொல்லாது.

இனி, அந்தப் பெயரின் கதை. பார்க்கப் பழசு போல இருந்தாலும் பெண் பெயராக இது புதுசு. சொல்தான் பழசு. ஐரிஷில் மானுக்கு ‘ஃபீயா’ என்று பெயர். காட்டுத்தனமானது, அடங்காதது என்ற பொருளும் அதே வேரிலிருந்து வருவதுதான். கில்லார்னி தேசியப் பூங்காவில் திரியும் செம்மானை ‘ஃபீயா ரூவா’ என்பார்கள், ‘ரூவா’ என்றால் செம்பழுப்பு. சில பட்டியல்களில் ‘மரியாதை’ என்றும் அர்த்தம் போட்டிருக்கும். பழைய ஐரிஷில் கிட்டத்தட்ட அதே வடிவில் இருந்த இன்னொரு சொல்லின் பொருள் அது. பெற்றோர் மனதில் இருப்பது மானும் காடும்தான். இதே வேரில் பழைய பெயர் ஒன்றும் உண்டு, ‘ஃபீயனிட்’. ‘குட்டி மான்’ மாதிரி ஒரு செல்லச் சொல், புனிதர் பட்டியலிலும் இடம் பெற்றது. கத்தோலிக்க வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புனிதர் பெயரைத்தான் வைத்து வந்தார்கள். வெறும் ‘ஃபீயா’வுக்கு அந்த வழியும் இல்லை, புராணக் கதாநாயகி யாரும் அந்தப் பெயரில் இல்லை. அகராதிச் சொல் ஒன்றை எடுத்துப் பெண்ணுக்குச் சூட்டியிருக்கிறார்கள், நம் ஊரில் ‘நிலா’, ‘மழை’ என்று வைக்கிற மாதிரி.

கடைசியில் அந்த டி-எச் எதற்கு என்று நீங்கள் கேட்டதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய ஐரிஷ் அச்செழுத்தில் அந்த இடத்தில் எச் கிடையாது, டி-யின் தலையில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். நம் புள்ளி உயிரை எடுத்துவிட்டு மெய்யை மட்டும் நிறுத்தும். அவர்கள் புள்ளி மெய்யையே மென்மையாக்கிவிடும். சொல்லின் கடைசியில் வரும் அந்த மென்மையான டி காலப்போக்கில் தேய்ந்து தேய்ந்து சத்தமே இல்லாமல் போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டில் ரோமன் எழுத்துக்கு மாறியபோது புள்ளிக்குப் பதிலாகப் பக்கத்தில் எச் போட்டார்கள். 1940-களில் எழுத்துச் சீர்திருத்தமும் வந்து, 1958-ல் அரசுத் தரம் என்று புத்தகமாகவும் வெளியானது. சத்தமில்லாத எழுத்துகளை வெட்டியதில் மானின் டி-எச்சும் போனது. இன்றைய ஐரிஷ் அகராதியில் மான் என்றால் எஃப்-ஐ-ஏ மட்டும்தான். ஐரிஷுக்கு உறவான ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் மட்டும் பழைய எழுத்தே இன்னும் நிற்கிறது. ஆக, டப்ளின் பெற்றோர் வைப்பது புதுப் பெயர், எழுதுவது பாட்டன் காலத்து எழுத்தில். எஃப்-ஐ-ஏ என்று மட்டும் எழுதினால் ஸ்வீடனில் சோஃபியாவைச் சுருக்கிக் கூப்பிடும் பெயர் போல இருக்கும், ஐரிஷ் முகம் போய்விடும். அந்த ஊமை எழுத்து இரண்டும் அடையாள அட்டை மாதிரி.

பரவலைப் பற்றிச் சொன்னால், அயர்லாந்தின் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் ஒவ்வோர் ஆண்டும் குழந்தைப் பெயர்ப் பட்டியல் வெளியிடும். ஓர் ஆண்டில் மூன்று குழந்தைக்காவது வைத்த பெயர்தான் அதில் ஏறும். இருபது ஆண்டுக்கு முன்பு அரிதாக இருந்த பெயர், 2021-ல் பெண் பெயர்களில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மியா, ஏவா, எல்லா என்று உயிரெழுத்து நிறைந்த ஈரசைப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அதே ஓசையில் ஓர் ஐரிஷ் பெயர் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்கள். உடனே ஊரெல்லாம் ஃபீயா என்று நினைத்துவிடாதீர்கள். சமீப ஆண்டுகளில் இங்கே ஆண்டுக்குச் சுமார் 54,000 முதல் 60,000 குழந்தைகள் பிறக்கின்றன, முதலிடத்துப் பெயருக்கும் அதில் சில நூறு பேர்தான் தேறுவார்கள். ஆனால் எல்லோரும் ஒரே வயது. 2021-ல் பிறந்தவர்கள் 2025, 2026 செப்டம்பரில் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பான ஜூனியர் இன்ஃபன்ட்ஸில் சேர்கிறார்கள். ஒரு வகுப்பில் இரண்டு பேர் இருந்தால் டீச்சர் குடும்பப்பெயரின் முதலெழுத்தை ஒட்டி ‘ஃபீயா பி’, ‘ஃபீயா எம்’ என்பார். இனிஷியலை விட்டு ஓடி வந்தோம், அது இங்கேயும் வந்து நிற்கிறது!

அயர்லாந்துக்கு வெளியே நிலைமை தலைகீழ். இங்கே வரும் நர்ஸ் குடும்பங்களில் பலர் சில ஆண்டு கழித்து ஆஸ்திரேலியா பக்கம் கிளம்புகிறார்கள். அங்கேயும், சென்னை விமான நிலையக் கவுண்டரிலும் எஃப்-ஐ-ஏ-டி-எச் என்பதை ‘ஃபியாத்’ என்றுதான் வாசிப்பார்கள். பழைய ஃபியட் காரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐரிஷ் பெயரே வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டால் வேறு வழி இருக்கிறது. எஃப் உள்ள பெயரைத் தொடாதீர்கள், ‘ஈஃபா’வும் அதில் அடக்கம். ‘ஓர்லா’ நம் வாய்க்குச் சுலபம், ‘பொன் அரசி’ என்பது மூலப் பொருள், எழுத்திலும் குழப்பமில்லை. ‘ஆன்யா’ லிமெரிக் மாவட்டத்தில் ஒரு குன்றுக்கே பெயர் தந்த கோடைத் தெய்வம். நம் அனன்யாக்களுக்கு நடுவே சாதாரணமாக நிற்கும். ஆனால் அதன் ஏ-க்கு மேல் ‘ஃபாதா’ என்ற சாய்கோடு உண்டு, நம் குறில் நெடில் மாதிரி. கோட்டை விட்டால் சொல்லே மாறும். ஆண் பெயர் ‘ஷான்’ கோடில்லாமல் நின்றால் ‘பழைய’ என்று அர்த்தம். 2021-ல் வந்த அலுவல் மொழிகள் திருத்தச் சட்டம் அரசு அலுவலகங்களை அந்தக் கோட்டைச் சரியாகப் பதியச் சொல்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் கோடு வராது, அதனால் இரண்டு ஆவணத்தில் இரண்டு எழுத்தாக நிற்கும். மான்தான் வேண்டும் என்றால் எஸ்-ஏ-டி-எச்-பி-எச் (Sadhbh) என்று ஒரு பெயர் இருக்கிறது. புராணத்தில் மானாக மாற்றப்பட்டவள், அவள் மகன் ‘ஒஷீன்’ பெயருக்கே குட்டி மான் என்று அர்த்தம். இது உண்மையிலேயே பழைய பெயர், உச்சரிப்பு ‘சைவ்’. வீட்டில் ஆடு கோழி சாப்பிடுகிறவர்கள் என்றால் கிண்டலுக்குத் தயாராக இருங்கள்.

பதிவு வேலையையும் சொல்லிவிடுகிறேன், பெயர் அங்கேதான் இறுகுகிறது. பிறந்த தகவலை மருத்துவமனையே அனுப்பிவிடும், ஆனால் அது பதிவு ஆகாது. மூன்று மாதத்துக்குள் பதிவாளரிடம் நீங்கள் பதிய வேண்டும். திருமணமானவர்கள் என்பதால் ஒருவர் போனால் போதும், பாஸ்போர்ட்டும் அரசுச் சேவைகளுக்கான பி.பி.எஸ். எண்ணும் எடுத்துப் போங்கள். பதிவுக்குக் கட்டணமில்லை, சான்றிதழ் நகலுக்கு உண்டு. பன்னிரண்டு மாதம் தாண்டினால் மேல் அதிகாரியின் அனுமதி தேவை.

நம்மவர்கள் தடுக்கி விழுவது குடும்பப்பெயர் கட்டத்தில். அப்பா, அம்மா இருவரில் ஒருவருடையதோ இருவருடையதோ போடலாம். உங்கள் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் உங்கள் அப்பா பெயர் இருந்தால் குழந்தைக்குப் போவது தாத்தா பெயர். உங்கள் சொந்தப் பெயரை அங்கே ஏற்ற விரும்பினால், எங்கள் வழக்கம் இது என்று எழுத்தில் கேட்க வேண்டும். நாள் குறிக்கும்போதே பதிவாளரிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய் நின்று விளக்கினால் திரும்ப வரச் சொல்லலாம்.

நீங்கள் வந்து எட்டு மாதம்தான் என்பதால் குழந்தைக்குப் பிறப்பால் ஐரிஷ் குடியுரிமை வராது. 2005 ஜனவரி 1 முதல், பெற்றோரில் ஒருவர் பிறப்புக்கு முந்தைய நான்கு ஆண்டில் மூன்று ஆண்டு கணக்கில் எடுக்கக்கூடிய வகையில் இங்கே வசித்திருக்க வேண்டும். ஆகவே ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து இந்தியப் பாஸ்போர்ட் எடுங்கள். அங்கே ஐரிஷ் சான்றிதழில் உள்ள எழுத்தைத்தான் அப்படியே எடுப்பார்கள். அதனால் பதிவாளர் திரையில் காட்டும்போது ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போட்ட பிறகு திருத்தம் என்றால் அது தனி விண்ணப்பம், தனி அலைச்சல்.